படகில் நெட் எடுக்க நான் செய்வது

கடல்புல் கணக்கெடுப்பு வேலை என்பதால் மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடையே வல்லம் என்ற நாட்டுப் படகில் அடிக்கடி போகிறேன். மன்னார் வளைகுடாத் தீவுகள் கரையிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள்தான். ஆனாலும் போனை மடியில் வைத்தால் சிக்னல் ஒரு கோடு, தூக்கிப் பிடித்தால் மூன்று.

இந்தத் தூரத்தில் காரணம் பூமியின் வளைவு அல்ல. 40 மீட்டர் டவர் உச்சியிலிருந்து தொடுவானம் ஏறக்குறைய 22 கிலோமீட்டர். படகில் 4 மீட்டர் உயரத்தில் இருக்கும் போன் இன்னும் 7 கிலோமீட்டர் சேர்க்கும். தாழ்வாக இருந்தால் நம் உடம்பும் படகும் சிக்னலை மறைக்கும், கடல்நீரில் பட்டுத் திரும்பும் அலையும் அதைக் குறைக்கும்; அதுதான் காரணம். போதாததற்கு ஊர்ப்பக்கம்தான் டவர்க்காரர்களின் கவனம். கடலில் நிற்கும் நமக்காகப் பெரும்பாலும் யாரும் ஆன்டெனாவைத் திருப்பி வைப்பதில்லை.

அதனால் பழைய போன் ஒன்றைத் தண்ணீர் புகாத உறையில் போட்டு, பவர் பேங்கோடு சேர்த்துக் கம்பத்தில் கட்டிவிடுவேன். அதுதான் ஹாட்ஸ்பாட். முதலில் பார்த்த படகு ஓட்டும் அண்ணன், "என்ன தம்பி, கொடி ஏத்துறியா?" என்றார். இப்போது அவரே முடிச்சுப் போடுகிறார், என் முடிச்சில் அவருக்கு நம்பிக்கை இல்லை. 5ஜியை அணைத்து 4ஜியில் மட்டும் விடுங்கள். இல்லையென்றால் 5ஜியைத் தேடித் தேடியே பேட்டரி தீரும். 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சேவை தரும் நிறுவனத்தின் சிம் என்றால் தூரத்துக்குத் தாங்கும்.

தனுஷ்கோடிப் பக்கம் போனால் மட்டும் நெட்வொர்க் தேர்வை மேனுவலில் வையுங்கள். இலங்கை டவர் பிடித்துக்கொண்டால் ரோமிங் பில்லைக் கட்டுவது நீங்கள்தான். அப்புறம், மேப்பைக் கரையிலேயே இறக்கிக்கொள்ளுங்கள்.