கறிவேப்பிலைக் காம்பு எந்தத் தொட்டிக்குள்?

ஜேர்மனியில் புது வீட்டுத் திறப்பு கைக்கு வந்த அன்றே கட்டடத்தின் பின்பக்கம் போய்க் குப்பைத் தொட்டிகளை ஒருமுறை பாருங்கள். பெரும்பாலான ஊர்களில் பழுப்புத் தொட்டி சமையல் கழிவுக்கு, நீலம் கடதாசிக்கு, மஞ்சள் தொட்டி அல்லது மஞ்சள் பை பொருட்கள் அடைத்துவரும் பிளாஸ்டிக், தகரப் பொதிகளுக்கு, கறுப்போ சாம்பலோ மிச்சக் குப்பைக்கு. நிறமும் விதியும் ஊருக்கு ஊர் மாறும். ஆகவே பக்கத்து நகரத்து மச்சான் சொன்னதை வைத்து நடக்காமல், உங்கள் நகரசபை தரும் 'அப்ஃபால்கலெண்டர்' என்ற குப்பை நாட்காட்டியை எடுத்துக் குசினிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

பிழையான பொருள் கிடக்கும் தொட்டியில் ஊழியர்கள் ஒரு அறிவித்தலை ஒட்டிவிட்டு, அள்ளாமலே போய்விடுவார்கள். அதைப் பிறகு காசு கட்டித்தான் அள்ளுவிக்க வேண்டும். தொடர்மாடியென்றால் அந்தக் காசு வாடகையோடு சேரும் செலவுக் கணக்கில் எல்லா வீட்டுக்கும் பிரிந்து விழும். அயலாரோடு முதல் மனக்கசப்பு பல இடங்களில் இப்படித்தான் தொடங்குகிறது.

எங்கள் சமையலுக்குப் பழுப்புத் தொட்டிதான் முக்கியம். வெங்காயத் தோல், வாழைக்காய்த் தோல், முருங்கைக்காய்ச் சக்கை, பிழிந்த தேங்காய்ப்பூ, தேயிலைச் சக்கை, கறிவேப்பிலைக் காம்பு எல்லாம் அதற்குள்தான். தேசிக்காய்த் தோலும் போடலாம். 2015 ஜனவரி 1 முதல் இந்தக் கழிவைத் தனியாகச் சேர்ப்பது சட்டக் கடமை. சேரும் கழிவு பசளையாகிறது. பல ஆலைகளில் முதலில் நொதிக்கவைத்து எரிவாயுவும் எடுக்கிறார்கள். மிச்சக் குப்பைக்குள் போனால் அது பெரும்பாலும் எரி உலைக்குத்தான் போகும். தண்ணீர் ஊறிய பூசணித் தோலை எரித்து யாருக்கும் லாபமில்லை.

இதைக் கெடுப்பது பிளாஸ்டிக் பை. கடையில் தந்த பைக்குள் கட்டி அப்படியே போட்டால், ஆலையில் அது கிழிந்து துண்டுதுண்டாகிப் பசளையோடு வயலுக்குப் போகிறது. மண்ணில் இருந்து அதைத் திரும்பப் பொறுக்க வழியில்லை. அதனால் 2025 மே 1 முதல் விதி இறுகிவிட்டது: வந்து இறங்கும் கழிவில் நூற்றுக்கு 3 பங்குக்கு மேல் வேற்றுப் பொருள் இருந்தால் ஆலை முழு லொறியையும் திருப்பி அனுப்பலாம். 'உக்கும்' என்று எழுதி விற்கும் பச்சைப் பையையும் நம்பவேண்டாம். அது உக்குவதற்கு எடுக்கும் காலத்தைவிட முன்பே பல ஆலைகளில் பசளை தயாராகிவிடும். பிரிக்கும் இயந்திரத்துக்கோ அதற்கும் சாதாரணப் பைக்கும் வித்தியாசம் தெரியாது. உங்கள் நகரசபை எழுத்தில் அனுமதித்திருந்தால் மட்டும் பாவியுங்கள்.

பையில்லாமல் எப்படி? மூடியுள்ள 5 லீட்டர் வாளி ஒன்று போதும். அடியில் இரண்டு மூன்று தாள் பத்திரிகையை மடித்து வையுங்கள். மினுங்கும் விளம்பரத் தாள் கூடாது. பிழிந்த தேங்காய்ப்பூவையும் தேயிலைச் சக்கையையும் அரிதட்டில் வடியவிட்டுப் பிறகு போடுங்கள். கோடையில் நாற்றமும் புழுவும் வருவதற்கு ஈரந்தான் முதற் காரணம். முட்டை வரும் கடதாசி மட்டையைக் கிழித்து இடையிடையே போட்டால் ஈரத்தை இழுக்கும். மாரியில் பிரச்சினை வேறு: ஈரக் கழிவு தொட்டிச் சுவரோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும், லொறி கவிழ்த்தாலும் விழாது. பெரிய தொட்டியின் அடியிலும் ஒரு மட்டைப்பெட்டித் துண்டு போட்டால் இந்தச் சிக்கல் குறையும்.

மீன் தலை, இறைச்சி எலும்பு, சமைத்த சோறு: சில ஊர்கள் ஏற்கும், சில ஊர்கள் மறுக்கும். நாட்காட்டியைப் பார்த்தே ஆகவேண்டும். ஏற்கும் ஊரென்றால், கோடையில் மீன் கழிவைப் பத்திரிகையில் சுற்றிக் குளிரூட்டியின் உறைபெட்டியில் வைத்து, அள்ளும் நாளன்று காலையில் போடுங்கள். சிரட்டையும் அப்படித்தான், ஊரைப் பொறுத்தது. அது உக்க நெடுங்காலம் எடுப்பதால் பல இடங்களில் விரும்புவதில்லை.

மிஞ்சிய சாம்பாரையும் சொதியையும் கழிப்பறைக்குள் ஊற்றும் பழக்கம் எங்களிடம் உண்டு. தயவுசெய்து வேண்டாம். நிலத்தடிக் குழாய்களில் எலி பெருகுவதற்கு அதுதான் தீனி. எண்ணெய் இன்னும் மோசம். தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகை வெப்பத்துக்குக் கீழே கட்டியாகும். மாரிகாலத்தில் அலுமாரிக்குள் இருக்கும் போத்தலைப் பார்த்தாலே தெரியும், கரண்டியால் சுரண்டித்தான் எடுக்கவேண்டும். பாத்திரம் கழுவும் சுடுதண்ணீரோடு உருகிப் போன எண்ணெயும், வெளிக் குழாயின் குளிர் பட்டதும் அதே கட்டியாகிச் சுவரில் படிந்துவிடும். மேலே சோறும் பருப்பும் ஒட்ட, ஒருநாள் கீழ்வீட்டுக்காரர் பாத்திரம் கழுவும் தொட்டியால் தண்ணீர் மேலே வரும். தாச்சியை முதலில் குசினிக் கடதாசியால் துடைத்து, அந்தக் கடதாசியை மிச்சக் குப்பையில் போட்டுவிட்டுக் கழுவுங்கள். வடை பொரித்த எண்ணெய் என்றால் ஆறவிட்டு, இறுகப் பூட்டும் பிளாஸ்டிக் போத்தலில் ஊற்றி மிச்சக் குப்பைக்குள் வையுங்கள். சில நகரங்களில் சேகரிப்பு நிலையங்கள் அதை வாங்கிக்கொள்கின்றன.

மஞ்சள் பை பொதிகளுக்கு மட்டும். அந்த மறுசுழற்சிக்குக் காசு கட்டுவது பொதியைச் சந்தைக்கு விடும் நிறுவனங்கள் என்பதால்தான் இந்த எல்லை. தேங்காய்ப்பால் பேணி, பின்னிய பிளாஸ்டிக் அரிசிச் சாக்கு, மிளகாய்த்தூள் பை எல்லாம் போகும். உடைந்த பிளாஸ்டிக் வாளி பெரும்பாலான ஊர்களில் போகாது. கழுவத் தேவையில்லை, கரண்டியால் வழித்தால் போதும். ஆனால் தயிர்க் கோப்பையின் அலுமினிய மூடியை முழுதாகப் பிய்த்துத் தனியே போடுங்கள். கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகவும் வேண்டாம். இயந்திரம் ஒவ்வொரு பொருளையும் ஒளியால் பார்த்துத்தான் பிரிக்கிறது, ஒட்டிக்கிடந்தால் பிழைவிட்டுவிடும். கறுப்புப் பிளாஸ்டிக்கை அது பெரும்பாலும் காண்பதேயில்லை. வாங்கும்போதே தவிர்ப்பது நல்லது.

ஊறுகாய்ப் போத்தல் தெருவோரக் கண்ணாடித் தொட்டிக்கு: வெள்ளை, பழுப்பு, பச்சை எனத் தனித்தனி. நீலக் கண்ணாடி பச்சைக்குள். உடைந்த தண்ணீர்க் குவளை அங்கே போகக்கூடாது. அது வேறு வெப்பத்தில் உருகும், மிச்சக் குப்பைதான் அதற்கு இடம். ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி போடுவதற்குத் தடை, சத்தத்துக்காக. கடைப் பற்றுச்சீட்டு பெரும்பாலும் வெப்பத்தில் அச்சாகும் தாள், அதனால் நீலத்துக்குள் போடாதீர்கள்.

குடிபானப் போத்தலில் 'ஃபாண்ட்' என்ற வைப்புக் காசு இருக்கிறது. வெறும் போத்தலைக் கடையில் இருக்கும் இயந்திரத்தில் போட்டால் அது திரும்பக் கிடைக்கும். ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக் போத்தலுக்கும் பேணிக்கும் 25 சதம். மீண்டும் நிரப்பும் போத்தலுக்குப் பெரும்பாலும் 8 அல்லது 15 சதம். 2024 முதல் பிளாஸ்டிக் போத்தல் பாலுக்கும் இது உண்டு. நசுக்காதீர்கள், இயந்திரம் கோட்டுக் குறியை வாசிக்கவேண்டும். தமிழ்க் கடையில் வாங்கிய மாம்பழச்சாற்றுப் பேணியில் ஃபாண்ட் அடையாளம் இல்லையென்றால் இயந்திரம் வாங்காது. அது மஞ்சள் பைக்குத்தான். வெளியில் குடித்த போத்தலைத் திருப்பிக் கொடுக்க நேரமில்லாவிட்டால் தெருத் தொட்டிக்குள் போடாமல் பக்கத்தில் நிலத்தில் நிறுத்தி வையுங்கள். போத்தல் பொறுக்கிச் சீவிக்கும் முதியவர்கள் உடைந்த கண்ணாடிக்குள் கைவிட்டுத் தேடாமல் எடுத்துப்போவார்கள்.