அப்பாவுக்குத் தட்டடவு

அப்பாவுக்குப் பார்க்கின்சன் என்று தெரிந்து நான்கு வருடம் ஆகிறது. கை நடுக்கத்தைக்கூடச் சமாளித்துவிடலாம், நிலைப்படிதான் பெரிய தொல்லை. ஹாலில் ஒழுங்காக நடந்து வருபவர் சமையலறை வாசலுக்கு வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடுவார், உடம்பு மட்டும் முன்னால் சாயும், அம்மா பின்னாலிருந்து "நடங்க, நடங்க" என்று சொல்லச் சொல்ல இன்னும் இறுகிப்போவார்.

ஒருநாள் மாடியில் பிள்ளைகளுக்குப் பரதநாட்டிய வகுப்பு முடித்துவிட்டு, தாளம் போடும் தட்டுக்கழியோடு இறங்கி வருகிறேன், மனுஷர் வாசலில் மாட்டிக்கொண்டு நிற்கிறார். என்ன தோன்றியதோ, கதவு நிலையில் கழியால் தட்டி "தையா தை, தையா தை" என்றேன். வலது கால் எழுந்தது. அப்புறம் இடது. படியைத் தாண்டி ஃப்ரிட்ஜ் வரைக்கும் போய்விட்டார்.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. அடுத்த அடியை எப்போது வைப்பது என்று நாம் யோசிக்காமலே மூளை கணக்குப் போட்டுக்கொள்ளும், பார்க்கின்சனில் அந்தக் கணக்குதான் தடுமாறுகிறது. வெளியிலிருந்து தாளம் வந்தால் கால் அதைப் பிடித்துக்கொண்டு நகரும். பிசியோதெரபியில் இதற்கு மெட்ரோனோம் என்ற தாளக் கருவி வைப்பார்கள், எங்கள் வீட்டில் தட்டுக்கழி. நியூயார்க்கில் புரூக்ளினில் மார்க் மோரிஸ் நடனக் குழு 2001லேயே பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு நடன வகுப்பு ஆரம்பித்துவிட்டது. எனக்கு அது பிறகுதான் தெரியும்.

ஆனால் மெட்ரோனோமுக்கு நகராதவர் "தையா தை" என்ற சொல்லுக்கட்டுக்கு ஏன் நகர்ந்தார் என்பதற்கு நானே ஒரு காரணம் வைத்திருக்கிறேன். பத்து வருஷம் என்னை டி.வி.எஸ். 50ல் வகுப்புக்குக் கொண்டுவிட்டு, டீச்சர் வீட்டுத் திண்ணையில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தவர். நாட்டியத்தின் அடிப்படை அசைவான அடவு ஒன்றுகூட ஆடியதில்லை, ஆனால் எல்லாச் சொல்லும் காதில் ஏறியிருக்கிறது.

சரி, இப்போது சனிக்கிழமை காலையில் அப்பாவும் தெருவில் இன்னும் மூன்று பேரும். எல்லாருக்கும் நாற்காலி. முட்டியை மடக்கிப் பாதி உட்காரும் அரைமண்டி கிடையாது. முதல் வாரம் அந்த முட்டாள்தனத்தைப் பண்ணினேன், பக்கத்து வீட்டு மாமியை "கொஞ்சூண்டு உட்காருங்கோ" என்று சொல்லி, மூன்று நாள் முழங்கால் வீங்கிக் கிடந்தார். ஆடுகிற எங்களுக்கே நாற்பதைத் தாண்டினால் முட்டி பேச ஆரம்பித்துவிடும், இதில் அறுபத்தெட்டு வயதுக்காரரை மண்டி போடச் சொன்னேனே!

ஆடுவதற்கு முன்னால் தட்டிக் கும்பிடும் வணக்கத்தைத் தரையைத் தொடாமல் மடியில் தொட்டுச் செய்கிறோம். காலைத் தரையில் தட்டும் தட்டடவில் முதல் இரண்டு மட்டும், அதுவும் முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில். அப்புறம் கை. இந்த நோயில் எழுத்து, நடை, குரல் எல்லாமே சுருங்கிக்கொண்டே வரும், அதனால் மலர்ந்த தாமரை மாதிரியான அலபத்ம முத்திரையை ஒவ்வொரு விரலாக, முடிந்தவரை பெரிசாக மலர்த்தச் சொல்கிறேன். கை போகும் இடத்துக்குக் கண் போகவேண்டும் என்று நாட்டிய நூலான அபிநய தர்ப்பணம் சொல்கிறதில்லையா, அதைச் செய்தாலே விறைத்த கழுத்து தானாகத் திரும்புகிறது.

முகத்தில் உணர்ச்சி காட்டும் அபிநயம்தான் எல்லாருக்கும் பிடித்தது. அப்பாவுக்கு முகம் முகமூடி மாதிரி ஆகிக்கொண்டு வருகிறது, சந்தோஷமா வருத்தமா என்று அம்மாவுக்கே தெரிவதில்லை. சிருங்காரம் சுத்தமாக வரவில்லை (வந்திருந்தால் அம்மா எழுந்து போயிருப்பாள்). ரௌத்ரம் என்றதும் புருவம் இரண்டும் ஏறியது பாருங்கள், சின்ன வயதில் ரேங்க் கார்டு நீட்டும்போது பார்த்த அதே முகம்.

இதைச் சொன்னால் உடனே வாட்ஸ்அப்பில் இந்த முத்திரைக்குச் சர்க்கரை குறையும், அந்த முத்திரைக்கு ரத்த அழுத்தம் இறங்கும் என்று அனுப்புகிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. அப்பாவின் மாத்திரையில் ஒரு வேளைகூட நாங்கள் நிறுத்தவில்லை. "ஆயிரமாயிரம் வருஷத்து சிகிச்சை" என்ற பேச்சும் எரிச்சலாக இருக்கிறது. என் கையில் இருக்கும் கழி தஞ்சை நால்வர் என்ற அண்ணன் தம்பிகள் மாதிரி, ஆட்டம் சொல்லிக்கொடுத்த நட்டுவனார்கள் வழியாக வந்தது, மேடையும் பெயரும் வேறு கைகளுக்குப் போனபோது அந்தக் குடும்பங்களை யாரும் பெரிதாக விசாரிக்கவில்லை. விளம்பரத்தில் முனிவர் பெயர் வருகிறது, நட்டுவனார் பெயர் வருவதில்லை.

போன வாரம் வகுப்பு முடிந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். எனக்கு அவசரம், வாசலில் கொஞ்சம் வேகமாகத் தட்டிவிட்டேன். நின்றுவிட்டார். திரும்பிப் பார்த்து மெதுவாக, "ஒன் டீச்சர் இப்படி ஓடமாட்டாங்களே" என்றார். பிறகு தொடையில் தானே தட்டிக்கொண்டு, முதல் காலத்தில், படியைத் தாண்டினார்.