மாத்திரை போட்டாச்சா, போட்டு வர்றாங்களா?

இங்கிலாந்தில் நர்ஸ் வேலைக்குப் போனபின்தான் ஆங்கில இலக்கணத்தில் வரும் ப்ரெசென்ட் பர்ஃபெக்ட் ('ஹாஸ் டேக்கன்'), அதன் கன்டினியூயஸ் ('ஹாஸ் பீன் டேக்கிங்') என்ற இரண்டு வினை வடிவங்களும் நோயாளியின் உடம்போடு சம்பந்தப்பட்டவை என்று புரிந்தது. ஷிஃப்ட் மாறும்போது, 'ஷி ஹாஸ் டேக்கன் ஹெர் டேப்ளட்ஸ்' என்று சொன்னால் இந்த வேளை மாத்திரை உள்ளே போயாச்சு. 'ஷி ஹாஸ் பீன் டேக்கிங் ஹெர் டேப்ளட்ஸ்' என்றால் கொஞ்ச நாளாகச் சாப்பிட்டு வருகிறார், அவ்வளவுதான். இன்று காலை போட்டாரா என்று அது சொல்லாது. குழப்பிக்கொண்டால் ஒரு வேளை மருந்து இரண்டு தடவை போய்விடும், இல்லை விட்டுப்போகும்.

லீவில் ஏற்காடு வந்திருக்கிறேன். மருத்துவத் துறையில் இருப்பவர்கள் எழுதும் ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிற சித்தப்பா மகள், "ரெண்டும் ஒண்ணுதானேக்கா?" என்றாள். லிவ், வொர்க் மாதிரி சில வினைகளுக்குக் கிட்டத்தட்ட அப்படித்தான். மற்றதற்கு அப்படி இல்லை.

வெளியே காப்பித் தோட்டத்தில் பழம் பறிப்பு. அதையே காட்டிச் சொன்னேன்: மூணு கூடை பறிச்சாச்சு என்றால் 'ஹேவ் பிக்ட்'. காலையிலிருந்து பறிச்சுக்கிட்டிருக்காங்க என்றால் 'ஹேவ் பீன் பிக்கிங்'. எத்தனை என்ற கணக்கு வந்தால் முதலாவதுதான். வார்டிலும் இதேதான். 'ஹி ஹாஸ் வாமிட்டட் த்ரீ டைம்ஸ்', 'ஹி ஹாஸ் பீன் வாமிட்டிங் சின்ஸ் மிட்நைட்': டாக்டருக்கு இரண்டு தகவலும் வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்குச் சிக்கல் வேறு இடத்தில். 'பத்து வருஷமா சுகர் இருக்கு' என்று நிகழ்காலத்தில் சொன்னாலே தமிழில் முழுசாகப் புரியும். அந்தப் பழக்கத்தில் 'இஸ் ஹேவிங் சுகர் சின்ஸ் டென் இயர்ஸ்' வந்துவிடுகிறது. 'ஹாஸ் ஹேட் டயாபடீஸ் ஃபார் டென் இயர்ஸ்' என்பதுதான் சரி. நோய் இருப்பது, ஒருவரைத் தெரிந்திருப்பது எல்லாம் செய்கிற வேலை இல்லை, இருக்கிற நிலை. அதற்கு 'பீன் ஹேவிங்', 'பீன் நோயிங்' கிடையாது. சின்ஸ் என்பது தொடங்கிய நேரத்துக்கு, ஃபார் என்பது கால அளவுக்கு.

இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். படுக்கையை விட்டு எழ முடியாத பாட்டிகள் என் ஈரக் கோட்டைப் பார்த்து, 'ஹாஸ் இட் பீன் ரெயினிங்?' என்பார்கள். மழை அப்போதே விட்டிருக்கும். ஈரம் கண்ணில் படுகிறதே, அதனால் அந்த வடிவம். அந்தக் கேள்வியிலிருந்துதான் அங்கே பலரோடு எனக்குப் பேச்சே ஆரம்பித்தது.

பயிற்சிக்கு ஒரு ரெஃபரல் கடிதம், அதாவது நோயாளியை இன்னொருவரிடம் அனுப்பும் கடிதம், எழுதச் சித்தப்பா மகளிடம் சொன்னேன். 'ஷி ஹாஸ் பீன் டேக்கிங் மெட்ஃபார்மின் ஃபார் டூ இயர்ஸ், பட் ஹாஸ் மிஸ்ட் டூ டோசஸ் திஸ் வீக்' என்று எழுதினாள். திருத்த ஒன்றுமில்லை. அடுத்த கடிதத்துக்குப் போய்விட்டோம்.