மூக்கு நுனி முதல் வால் கவை வரை

இன்று காலை கொச்சி தோப்பும்படி துறைமுகத்தில் கன்னியாகுமரி மாவட்டத் தூத்தூர் படகு ஒன்றிலிருந்து மஞ்சள் துடுப்புச் சூரை மீன் இறங்கியது. கணக்கெடுக்க வந்தவர் டேப்பை மீனின் முதுகோடு ஒட்டிப் பிடித்தார்.

103 சென்டிமீட்டர்.

தப்பு அங்கேதான் நுழைகிறது.

சூரையின் உடம்பு நடுவில் உருண்டு திரண்டது. டேப் அந்த மேட்டில் ஏறி இறங்கும். கொழுத்த மீன் என்றால் சில சென்டிமீட்டர் கூடிவிடும். வாயை மூடி, நகரும் தாடை உள்ள அளவுகோலை மூக்கு நுனியிலிருந்து வால் இரண்டாகப் பிரியும் கவை வரை நேர்கோட்டில் வைக்க வேண்டும். அதே மீன் 100 காட்டலாம்.

மூணு சென்டிமீட்டர்தானே என்று விட்டுவிடாதீர்கள். நீளத்தில் 3 சதவீதம் பிசகினால் எடைக் கணக்கில் ஏறக்குறைய 9 சதவீதம் பிசகும். அதைவிடப் பெரிய கவலை, இந்த இனத்தில் பெண்மீன்களில் பாதி முதிர்வதே சுமார் ஒரு மீட்டர் நீளத்தில்தான். இன்னும் முட்டையிடாத மீன் தாய்மீனாகப் பதிவாகிவிடும்!

இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் கேட்பது, பிடித்த ஒவ்வொரு டன்னுக்கும் குறைந்தது ஒரு மீனின் நீளம். மீதி மீன்களுக்கெல்லாம் அந்த ஒன்றுதான் பேசுகிறது.

டேப் மட்டும்தான் கைவசமா? அளந்துகொள்ளுங்கள். ஆனால் படிவத்தில் 'வளைவு அளவு' என்று எழுதிவிடுங்கள், பிறகு நேர்கோட்டு அளவாக மாற்றிக்கொள்ளலாம். தலை வெட்டி வந்த மீன் என்றால் அதையும் குறித்துவிடுங்கள்.