ஒரே டெஸ்ட்ல பிடிபடாத லிவர் நோய்

அக்காவுக்கு வந்தது ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸ், அதாவது உடம்போட எதிர்ப்பு சக்தியே லிவரைத் தாக்கற நோய். லிவர் பாதிப்பைக் காட்டற என்சைம்களான ஏஎல்டி, ஏஎஸ்டி ரெண்டும் எகிறிக் கிடந்துச்சு, வைரஸ்னால வர்ற மஞ்சக்காமாலைனு தான் முதல்ல நெனச்சோம், ஆனா ஹெபடைட்டிஸ் வைரஸ் டெஸ்ட் எல்லாம் நெகட்டிவ், குடியும் இல்ல, அவ சாப்பிட்ட மாத்திரை, மூலிகை மருந்து வரைக்கும் டாக்டர் துருவித் துருவிக் கேட்டார். அப்புறம் தான் ரத்த டெஸ்ட்ல, உடம்பு தன்னையே தாக்குதானு காட்டற ஏஎன்ஏ, ஸ்மூத் மசில் ஆன்டிபாடி, கூடவே ஐஜிஜிங்கற எதிர்ப்புப் புரதம் எல்லாம் பாத்தாங்க. ஏஎன்ஏ பாசிட்டிவ்னதும் பயந்துட்டோம், ஆனா நல்லா இருக்கறவங்களுக்கும் அது வருமாம், அதை மட்டும் வச்சு முடிவு பண்ணக் கூடாது. ஐஜிஜியும் கூடியிருந்ததால பயாப்சி, அதாவது ஊசியால லிவர்ல இருந்து துளி சதை எடுத்துப் பாக்கறது. அக்கா மூச்ச அடக்கிப் படுத்திருந்தா, ஊசில வந்தது நூல் மாதிரி ஒரு துணுக்கு தான்! ஆன்டிபாடி, ஐஜிஜி, பயாப்சி, வைரஸ் இல்லாதது, நாலுக்கும் மார்க் போடற 2008 ஸ்கோர் முறைல 7 வந்தா உறுதி. அவளுக்கு சரியா 7. மறுநாளே ஸ்டீராய்டு ஆரம்பிச்சாங்க.