"பில் எவ்வளவுப்பா?"

ஜூன் 22, 2024, ரெஜைனா (கனடாவின் சஸ்காச்சுவன் மாகாணத் தலைநகர்)

அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். மூட்டு மாற்று ஆபரேஷன். காரில் ஏறியதுமே, "பில் எவ்வளவுப்பா?" என்று கேட்டார். ஹெல்த் கார்டைக் காட்டினோம், அவ்வளவுதான் என்றேன். நம்பவில்லை. "சும்மா எவன் செய்வான்?"

ஜூன் 24

சரி, இந்த இலவச மருத்துவத்துக்கு வழி வகுத்த சஸ்காச்சுவன் முதல்வர் டாமி டக்ளஸின் கதையைச் சொன்னேன். 1904இல் ஸ்காட்லாந்தில் பிறந்து, பக்கத்து மனிடோபா மாகாணத்து வினிபெக்குக்கு வந்த ஏழை வீட்டுப் பையன். கால் எலும்பில் சீழ் பிடித்தது. காலை எடுக்க வேண்டியதுதான் என்றார்கள். மாணவர்கள் நின்று பார்க்கச் சம்மதித்தால் இலவசமாகச் செய்கிறேன் என்று ஒரு டாக்டர் முன்வந்தார். கால் பிழைத்தது. அதே காலோடு 1922இல் மனிடோபாவின் குத்துச்சண்டைப் பட்டத்தையும் வென்றார்.

"அந்த டாக்டர் வராம இருந்திருந்தா?" என்றார் அம்மா. டக்ளஸின் அரசியலே இந்தக் கேள்விதான்.

ஜூன் 29, வேபர்ன்

டக்ளஸ் 1930இல் போதகராக வந்த ஊர் இது. வறட்சியும் பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்து அடித்த காலம். ஆற்றைப் பார்த்தபடி சிலை நிற்கிறது, வெகுநேரம் நின்றேன். 1933இல் அவர் எழுதிய முதுகலை ஆய்வேடு, மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று கருதப்பட்டவர்களுக்குக் கருத்தடை செய்யச் சொன்னது. படித்தபோது வலித்தது. ஆட்சிக்கு வந்தபின் அதை அவர் செய்யவில்லை. இதையும் மறைக்காமல் அம்மாவிடம் சொன்னேன்.

ஜூலை 1

1944 சஸ்காச்சுவன் தேர்தலில் 52 இடங்களில் 47 அவர் கட்சிக்கு. தொடர்ந்து ஐந்து தேர்தல் வெற்றி, 17 ஆண்டு முதல்வர். ஆஸ்பத்திரிச் செலவுக்கான காப்பீடு 1947 ஜனவரியிலேயே வந்துவிட்டது. ஆளுக்கு ஆண்டுக்கு 5 டாலர். டாக்டர் கட்டணத்துக்கான திட்டத்தையோ 1959 கடைசியில்தான் அறிவித்தார். ஆஸ்பத்திரிச் செலவில் மத்திய அரசு பங்கு தரத் தொடங்கிய பிறகுதான் மாகாணத்தின் பணச் சுமை கொஞ்சம் குறைந்தது. கஜானாவில் பணமில்லாமல் வாக்குக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. எனக்கு அவரிடம் மிகப் பிடித்தது இந்தப் பொறுமை.

ஆனால் 1962 ஜூலை 1ஆம் தேதி திட்டம் தொடங்கியபோது அவர் முதல்வர் இல்லை. நாடு முழுவதற்குமாகத் தொடங்கிய புதிய ஜனநாயகக் கட்சிக்குத் தலைமை ஏற்கப் போய்விட்டார். அந்த ஜூனில் நாடாளுமன்றத் தேர்தலில் இதே ரெஜைனாவில் தோற்றும் போனார். திட்டத்தை எதிர்த்து டாக்டர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வசவையெல்லாம் வாங்கிக்கொண்டு அசையாமல் நின்றவர் அடுத்த முதல்வர் உட்ரோ லாய்டு. 1964இல் ஆட்சியும் போனது.

அம்மா வாக்கரைப் பிடித்து ஹாலில் நடந்துகொண்டே கேட்டார்: "ரெண்டாவது ஆளு பேரு என்ன சொன்ன?"

லாய்டு, அம்மா. உட்ரோ லாய்டு.