பாசிக்குள் ஒரு சிவப்பு

இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரில் எனக்கு அது முதல் குளிர்காலம். ஜனவரியில் மாலை நாலரை மணிக்கே இருட்டிவிடும். வேலை, வீடு, மறுபடி வேலை என்று வெயில் முகமே காணாமல் மூன்று வாரங்கள் போயிருந்தன. ஒரு ஞாயிறன்று பக்கத்து வீட்டு அம்மையார், ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை, "காட்டுப் பக்கம் வருகிறீர்களா?" என்று கேட்டார். இலையெல்லாம் கொட்டிய காட்டில் பார்க்க என்ன இருக்கும் என்று நினைத்தபடியே கிளம்பினேன்.

ஓடையோரம் ஈரப் பாசிக்குள் இரத்தச் சிவப்பாக ஏதோ தெரிந்தது. தம்பலப்பூச்சி என்றே முதலில் நினைத்தேன். கோவில்பட்டிப் பக்கம் மழை விழுந்ததும் கரிசல் மண்ணில் ஊர்ந்து வருமே, அதுதான். சங்கப் பாடல்களில் மூதாய் என்று வருவது. குனிந்து பார்த்தேன். அசையவில்லை. மூன்று சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு கிண்ணம். உள்ளே வழவழப்பான குங்குமச் சிவப்பு, வெளியே மாவு அப்பியதுபோல் வெளிறல்.

"ஸ்கார்லெட் எல்ஃப் கப், ஒரு காளான்" என்றார் அவர். இந்த ஊர்க் கதைகளில் வரும் குட்டி வனதேவதைகளின் கிண்ணமாம். ஆரஞ்சுத் தோல் போன்ற இன்னொரு காளான் உண்டு, ஆனால் அது இலையுதிர்காலத்தில் வெறும் மண்ணில் முளைப்பது என்று சொல்லிவிட்டுப் பாசியை மெல்ல விலக்கினார். கிண்ணத்துக்கு அடியில் செத்துப்போன ஹேசல் மரக் குச்சி ஒன்று கிடந்தது.

பெயர் அத்தோடு முடியவில்லை. ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு இனங்கள் இங்கே உண்டு. கண்ணால் பிரிக்க முடியாது. ஒரே ஒரு கிண்ணத்தை மட்டும் எடுத்துவந்தோம். அவர் வீட்டுச் சூட்டில் நான் அதன்மேல் லேசாக ஊதியதும், புகைபோல் வித்துகள் எழுந்து பறந்தன! பிறகு வெளித்தோலில் ஒரு சீவலை நுண்ணோக்கியில் வைத்தார். சார்கோசைஃபா காக்சினியா என்றால் நுண்மயிர்கள் நேராக இருக்க வேண்டும். நான் பார்த்தவை சுருள்கம்பிபோல் முறுக்கிக்கொண்டிருந்தன. சார்கோசைஃபா ஆஸ்ட்ரியாகா. இந்த நாட்டில் நானே பார்த்து, நானே உறுதிசெய்துகொண்ட முதல் பெயர். அன்று இரவு தூக்கம் வர வெகுநேரமாயிற்று, அவ்வளவு சந்தோஷம்.

அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். உடனே அழைத்தாள்.

"தம்பலப்பூச்சி மாதிரியே இருக்கிறதே. அது ஊருமா, கண்ணு?"

"ஊராது அம்மா. குச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும்."

"அப்படியென்றால் அடுத்த வாரமும் அங்கேதானே இருக்கும். போய்ப் பார்த்துவிட்டு வா."